சொல்லிவிட்டுத்தான் வந்தேன்

செப்டம்பர் 7. சென்னை விமான நிலையம்

அம்மாவும் குணா அண்ணனும் தாராபுரத்திலிருந்து வழியனுப்ப வந்தார்கள். அம்மா கடலை உருண்டை டப்பாவைப் பையில் திணித்தாள். அண்ணன் கேமராவைக் கழுத்தில் மாட்டிவிட்டான். அவனுடைய ஸ்டுடியோவின் இரண்டாவது கேமரா.

"இத முழுசாக் கொண்டு வா. நீயும் முழுசா வா. ஒரு எடத்துலயும் ஏமாறக் கூடாது. அப்பறம் போலந்தப் பத்திப் பேசலாம்."

போலந்தில் மூன்று வருட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெண் தனியாக வெளிநாட்டில் மூன்று வருடம் தாக்குப்பிடிப்பாளா என்பது அண்ணனின் கேள்வி. பன்னிரண்டு நாள் தனியாகப் போய்க் காட்டுகிறேன் என்றேன். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு நுழைவுத் தேர்வு.

ஜார்ஜியா என் தேர்வு. உஷ்குலி என்ற மலைக் கிராமத்தின் படம் இரண்டு வருடமாக என் மேசையில் ஒட்டியிருக்கிறது. கல் கோபுரங்கள். பின்னால் பனிமலை. காரணம் அவ்வளவுதான். காரணம் அவ்வளவுதான் என்பதை அண்ணனுக்குப் புரிய வைக்க முடியவில்லை.

உள்ளே போகும்போது, "போறேன்" என்றேன்.

"போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. போயிட்டு வர்றேன்னு சொல்லு," என்றாள் அம்மா.

சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு வினைச்சொல்லை என் இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாதா.

செப்டம்பர் 8. திபிலிசி

மெட்ரோவுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டு ஒரு கிணறு. முடிவே தெரியவில்லை. பெரிய பையுடன் தடுமாறினேன். பின்னாலிருந்து ஒரு கிழவர் பையைப் பிடித்தார். நான் பிடுங்கினேன். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார், சுட வந்தவனிடம் காட்டுவதுபோல. கீழே போய்ச் சேரும்வரை கையைக் கீழே இறக்கவேயில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் இருந்திருந்தால் பாராட்டியிருப்பான்.

செப்டம்பர் 9. மெஸ்தியா

ஒன்பது மணி நேரம் மினிபஸ். மலைக்குள் வந்துவிட்டேன். விடுதியில் வைஃபை கிடைத்ததும் அண்ணனின் செய்திகள் பதினொன்று. எல்லாம் ஒன்றுதான்: லொகேஷனை ஆன் பண்ணு.

அணைத்தேன். சிம்மையே கழற்றிவிட்டேன். மொழிபெயர்ப்புச் செயலி இணையம் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடம் வேண்டாம். வரைபடத்தில் நீலப் புள்ளியாக இருப்பதற்கு இவ்வளவு தூரம் வரவில்லை.

செப்டம்பர் 10. உஷ்குலி

வந்துவிட்டேன்.

காலையில் மெஸ்தியா சந்தையடியில் ஜும்பேர் என்ற ஓட்டுநர் கிடைத்தார். ஐம்பது வயது, பாதி மீசை நரை, மீதி மீசை புகை. "உஷ்குலி?" என்றேன். "உஷ்குலி, உஷ்குலி," என்றார். பழைய வேன். வழியெல்லாம் பாடினார். ஆற்றைக் கடந்தோம், பிரிந்த பாதையில் ஏறினோம், சேற்றில் இரண்டு முறை இறங்கித் தள்ளினேன். அவர் உள்ளே உட்கார்ந்து உற்சாகப்படுத்தினார்.

பிறகு கோபுரங்கள். ஆறு இருந்தன. கல்லின் மேல் கல். ஜன்னல் இல்லை, கண் சிமிட்டும் அளவுக்கு ஓட்டைகள். பனிமலை மேகத்துக்குப் பின்னால் இருந்தது. அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், போதும். படத்தில் பார்த்த கோணத்தைத் தேடினேன். அகப்படவில்லை. படங்கள் எப்போதும் பொய் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். நின்று அழுதேன். இதை எழுதத்தான் வேண்டும்.

ஜும்பேர் கைக்கடிகாரத்தில் ஆறைக் காட்டினார். "மோவல்," என்றார். வருவேன். மெஸ்தியாவுக்குத் திரும்ப அழைத்துப்போகத்தான் பேச்சு. பெரிய பையும் கேமராவும் வேனிலேயே இருக்கட்டும் என்று சைகை. கேமராவை ஏன் விட்டேன் என்றால், முதல் முறை கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். பல்கலைக்கழகம் இதையெல்லாம் கற்றுத்தருகிறது.

ஆறு மணி. ஏழு மணி. மழை.

வைக்கோல் அள்ளும் முட்கோலுடன் ஒரு பெண் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபது இருக்கும். பிறகு முட்கோலால் தன் வீட்டைக் காட்டினாள். அழைப்புபோல இல்லை. உத்தரவுபோல இருந்தது. போனேன்.

பெயர் சியாலா. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து மசித்தது, நூல் நூலாக இழுபட்டது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் பெயரைக் கேட்டாள். மேகலா என்றேன். "ம்கேலா?" என்று பற்களைக் காட்டி உறுமிக் காட்டினாள். அவர்கள் மொழியில் ஓநாயின் பெயருக்குப் பக்கத்தில் வருகிறதாம். ஓநாய் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 11. காலை

சியாலா கேட்டாள்: "மாமா?"

இரண்டு விரல் காட்டினேன். ஒருவர் காங்கேயத்தில், ஒருவர் பல்லடத்தில்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, செயலியைத் தட்டினேன். இந்த மொழியில் மாமா என்றால் அப்பா.

"இல்லை" என்று தலையாட்டினேன். ஆறு வருடம் ஆகிறது என்று விரல்களில் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தாமலேயே என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவளுடைய மகள் நாதோ இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போய் ஒன்பது வருடம். சுவரில் படம். படத்தின் கீழே ஒரு ஜோடி ரப்பர் காலணி, சேறு இல்லாமல். மழைக்குப் போட்டுக்கொள் என்று எனக்குக் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது.

செப்டம்பர் 11. மதியம்

இது உஷ்குலி இல்லை.

செப்டம்பர் 11. மாலை

சியாலாவிடம் உஷ்குலியின் பழைய தேவாலயம் எங்கே என்று கேட்டேன். மலைக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினாள். பக்கத்து மலை இல்லை. அதற்கும் அடுத்தது. இந்த ஊரின் பெயர் கெவ்லாரி. அவள் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவரும் சிரித்தார். இரண்டு மாடுகளும் தலையைத் திருப்பிப் பார்த்தன.

ஒரு தப்பான கிராமத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

பை இல்லை. கேமரா இல்லை. வண்டி வாடகையை ஜும்பேர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டான். பாடிக்கொண்டே ஏமாற்றியிருக்கிறான். மோவல், மோவல்.

பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருக்கிறது. நான் முட்டாள் இல்லை.

செப்டம்பர் 12. மெஸ்தியா

காலை ஆறரைக்குப் பால் லாரியின் ஹாரன். அது மெஸ்தியாவுக்குப் போகும் என்று நேற்றே தெரியும். தினமும் வராது. ஜும்பேரைப் பிடிக்க வேண்டும், கேமராவை மீட்க வேண்டும், போலந்தை மீட்க வேண்டும். என் கண்ணில் வேறு எதுவும் தெரியவில்லை.

சியாலா தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். அவளிடம் பணம் நீட்டினால் முட்கோலை எடுப்பாள் என்று முதல் நாளே புரிந்திருந்தது. வாசலில் நின்று சொன்னேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நேற்று செயலியில் பார்த்துத் தயார் செய்து வைத்த வாக்கியம்.

"ஸவல் தா மோவல்."

போய் வருகிறேன். ஸவல், போவேன். மோவல், வருவேன். நடுவில் இருக்கும் தா என்பது 'உம்'. நம் மொழியில் அதற்குக் கொடு என்று அர்த்தம்.

அவள் திரும்பாமல் தலையாட்டினாள்.

சொல்லாமல் வரவில்லை. சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ரப்பர் காலணியைக் கூட வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 13. மெஸ்தியா

சந்தையடியில் ஜும்பேரைத் தெரியுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் ஒரு ஜும்பேரைத் தெரிந்திருக்கிறது. யாரும் அந்த ஜும்பேர் இல்லை. போலீசுக்குப் போகலாம். போனால் ஏமாந்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

விடுதி வைஃபையில் அண்ணன் அழைத்தான்.

"உஷ்குலி போயிட்டியா?"

"போயிட்டேன்."

"போட்டோ அனுப்பு."

"நெட்டு ஸ்லோவா இருக்குது."

"கேமரா?"

"இருக்குது."

"எவனாச்சும் ஏமாத்தப் பாத்தானா?"

"பாத்தான். நானு ஏமாறல."

இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 14. குதாயிசி

மலையிலிருந்து இறங்கிவிட்டேன். பத்தொன்பதாம் தேதி விமானம் இங்கிருந்துதான். ஐந்து நாள் இந்த விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திட்டம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் லுகா என்ற பையன், கல்லூரி முடித்தவன், நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கொடுத்தான். யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று இருந்தேன். குளிராக இருந்தது.

செப்டம்பர் 15. குதாயிசி

காலையில் லுகா போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது நீங்களா?"

சியாலாவின் சமையலறை. மேசையில் நான், வாயில் உருளைக்கிழங்குடன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படம். அதன் மேல் சிவப்பு எழுத்துகள். ஆயிரத்துச் சொச்சம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

லுகா ஆங்கிலத்தில் படித்துச் சொன்னான். இந்தியப் பெண். பெயர் மேகலா. பன்னிரண்டாம் தேதி காலை உலாவப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. கெவ்லாரி ஊர் ஆண்கள் இரண்டு நாளாகப் பள்ளத்தாக்கில் தேடுகிறார்கள். தேடியதில் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. பார்த்தவர்கள் தகவல் சொல்லவும்.

"உலாவப் போறதா நான் சொல்லல," என்றேன்.

"வேற என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

லுகா யோசித்தான். "அப்படிச் சொன்னா நாங்க சாப்பாட்டுக்குக் காத்திருப்போம்," என்றான்.

"எங்க ஊர்ல கிளம்பும்போது அப்படித்தான் சொல்வாங்க. போறேன்னு சொன்னா திரும்ப வரமாட்டேன்னு அர்த்தம். செத்த வீட்டுலதான் சொல்லாம கிளம்புவாங்க. இது வந்து, ஒரு மரியாதை."

"திரும்பி வராதவங்களும் அப்படித்தான் சொல்வாங்களா?"

"ஆமா."

"அப்ப வரப்போறவங்க என்ன சொல்வாங்க?"

இத்தனைக்கும் மொழியியலில் ஒரு வருடம் படித்திருக்கிறேன்.

அவன் போலீசுக்குப் போன் செய்து நான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தான். பிறகு அந்தப் பக்கத்தில் எழுதினான். அரை மணி நேரத்தில் நூறு பேர் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். சியாலாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லிவிட்டார்களாம்.

"முடிஞ்சுது. விடுங்க. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிடலாம்," என்றான் லுகா.

முடிந்தது. உண்மைதான்.

செப்டம்பர் 15. மாலை

மோவல் என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது சியாலா இல்லை. சொல்லிவிட்டு வராமல் போன ஜும்பேர்.

செப்டம்பர் 16. கெவ்லாரி

லுகா சொன்னது: போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மண் சரிந்தால் விமானம் போய்விடும். விமானம் போனால் புது டிக்கெட்டுக்கு அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் எல்லாம் முடிந்தது. கணக்கெல்லாம் சரிதான் என்றேன். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி மாட்டிவிட்டான்.

மினிபஸ்ஸில் என் எதிரில் உட்கார்ந்த பெண்மணி போனை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அணைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி ஒரு அடி. பஸ் முழுக்க என்னைப் பற்றிப் பேசியது. யாரோ ஒரு பேரிக்காய் கொடுத்தார்கள்.

மெஸ்தியாவிலிருந்து அதே பால் லாரி. அதே ஓட்டுநர். இவர் என்னை ஏற்றியதை ஊரில் சொல்லியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று செயலியில் கேட்டேன். பன்னிரண்டாம் தேதி என்னை மெஸ்தியாவில் இறக்கிவிட்டு நேராகத் தன் மாமனார் சாவுக்குப் போனவர், நேற்றுதான் திரும்பியிருக்கிறார். அவர்மீதும் பழி சுமத்த முடியவில்லை.

சியாலா வாசலில் நின்றிருந்தாள். முட்கோல் இல்லை. நான் படித்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தை ஆரம்பித்தேன். கேட்கவில்லை. உள்ளே போனாள். ஒரு கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் கவிழ்த்தாள்.

ரொட்டி. பன்னிரண்டாம் தேதி மதியம் சுட்டது. அன்று மாலை சுட்டது. பதின்மூன்றாம் தேதி சுட்டது. கல்லாகியிருந்தன. ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிக் காட்டி, எந்த வேளைக்கு என்று விரலால் எண்ணிச் சொன்னாள்.

பிறகு மாட்டுக்குப் போடச் சொன்னாள். நான்தான் உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். விரல் நகம் ஒன்று பிய்ந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தட்டு இருந்தது.

என் பெரிய பையும் இருந்தது. நாதோவின் படத்துக்குக் கீழே, ரப்பர் காலணிக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 17. கெவ்லாரி

பையைக் கொண்டுவந்தவர் ஜும்பேர். பத்தாம் தேதி திரும்பும்போது வேனின் கிளட்ச் போய்விட்டதாம். பன்னிரண்டாம் தேதி மதியம் சரிசெய்து கொண்டு வந்திருக்கிறார். நான் போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு.

பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தவரும் ஜும்பேர்.

பக்கத்து வீட்டில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார். "ம்கேலா!" அவருடன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். செயலி நடுவில் இருந்தது.

"இது உஷ்குலி இல்லை."

"இல்லை."

"உஷ்குலி என்று சொன்னீர்கள்."

"உஷ்குலி பாதையில் மண் சரிவு. சொன்னால் நீ வண்டியில் ஏற மாட்டாய். இங்கேயும் கோபுரம் இருக்கிறது. நீ பார்த்து அழுதாய். நான் கண்ணாடியில் பார்த்தேன்."

"பையில் கேமரா இல்லை."

"என்ன கேமரா?"

"கறுப்பு. கழுத்தில் மாட்டுவது. உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நான் வைத்தது."

"வேன் ஒன்றரை நாள் பட்டறையில் இருந்தது. பட்டறையில் ஆயிரம் பேர்."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொள்ள வந்திருந்த அவர் மனைவி சட்டென்று எழுந்து காபி போடப் போனாள். அவர் காது மடல் சிவந்திருந்தது. விற்றுவிட்டார். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"என்னை எதற்குத் தேடினீர்கள்?"

இந்தக் கேள்வியைச் செயலி தவறாக மொழிபெயர்த்துவிட்டதோ என்று அவர் இரண்டு முறை படித்தார்.

"நீ காணாமல் போயிருந்தாய்," என்றார்.

கேமராவைத் திருடியவர் இரண்டு நாள் பள்ளத்தாக்கில் என் பெயரைக் கத்திக்கொண்டு நடந்திருக்கிறார். ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்துப் பார்த்தேன். மீதி வரவில்லை. அவரை மன்னிக்கவில்லை. காபியைக் குடித்தேன். கால் கட்டின் மேல் என் பெயரை எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன். கீழே, 'திருடன்' என்றும் எழுதினேன். என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன், ஆனால் அர்த்தம் சொல்லவில்லை. "திருதன்," என்று சொல்லிப் பார்த்து மகிழ்ந்தார்.

செப்டம்பர் 17. மதியம்

தேவாலய மேட்டில் மட்டும்தான் சிக்னல். சிம்மை மறுபடி போட்டேன்.

முதலில் போலந்துக்கு மின்னஞ்சல். ஏற்றுக்கொள்கிறேன். நான்கு வரி. அனுப்பிய பிறகுதான் வீட்டை அழைத்தேன். வரிசை முக்கியம்.

"அண்ணா, கேமரா போச்சு."

"எப்படி?"

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பான ஊர். வேன். நான் சொன்ன பொய்கள், தேதிவாரியாக. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், அதுதான் அதிசயம்.

"நாஞ் சொன்னேன்ல," என்றான்.

"சொன்ன. சரியாத்தான் சொன்ன."

"ஏமாறாம வந்தாத்தான் போலந்துன்னு பேச்சு."

"ஏமாந்துட்டேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. ஒத்துக்கறேன்னு மெயில் போட்டுட்டேன். பத்து நிமிசம் ஆச்சு."

"ஆரக் கேட்டுப் போட்ட?"

"ஆரையும் கேக்கல. கேமராவுக்கு அங்க போயிச் சம்பாரிச்சுத் தர்றேன். ஏமாறாதவிய மட்டுந்தான் வீட்டை உட்டு வெளிய போகோணும்னா, நீயி ஸ்டுடியோவே வெச்சிருக்க மாட்ட. போன வருசம் கல்யாண ஆல்பத்த வாங்கிட்டுக் காசு குடுக்காம ஓடுன மாப்பளைய மறந்துட்டியா?"

அவன் சிரித்துவிட்டான் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம். போன் கை மாறியது.

"கண்ணு," என்றாள் அம்மா. "அந்தம்மா சோறு போட்டாங்களா?"

"ரொட்டிம்மா."

"ஒரு பொம்பளைய ரெண்டு நாளு அலைய உட்டுருக்கற. மொதல்ல அதையல்ல சொல்லோணும். கேமராவாமா கேமரா."

"சொல்லிட்டுத்தாம்மா வந்தேன்."

"என்னன்னு?"

"போயிட்டு வர்றேன்னு."

மேட்டில் காற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏர்போட்டுல எனக்குச் சொல்லாதத, அந்தம்மாளுக்குச் சொல்லிருக்கற," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னாள். "சொன்னா வரோணும். இல்லீன்னா சொல்லப்படாது. ரெண்டுல ஒண்ணு. சாப்புடு, வெச்சரட்டா."

மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மேகம் விலகியது. பனிமலை இருந்தது. உஷ்குலிக்குப் பின்னால் இருப்பதில்லை. வேறு மலை. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 18. குதாயிசி செல்லும் வழி

காலை ஆறரை. பால் லாரி. பை ஏறிவிட்டது. கடலை உருண்டை டப்பாவைச் சியாலாவின் மேசையில் வைத்தேன். பட்டறையின் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

ரப்பர் காலணியைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தேன். சியாலா எடுத்துச் சேற்றைக் கழுவவில்லை. அப்படியே விட்டாள்.

தொழுவத்து வாசலில் நின்றேன். அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது. வாளியில் பால் விழும் சத்தம். இந்த முறை யோசித்து வைத்திருந்தேன். நடக்காத எதையும் சொல்வதில்லை. மரியாதைக்காக ஒரு சொல்லும் இல்லை. ஜும்பேரின் சொல் வேண்டாம். போவது உண்மை, அதை மட்டும் சொல்வது.

"ஸவல்," என்றேன்.

நிறுத்திக்கொண்டேன்.

பால் சத்தம் நின்றது. லாரி ஹாரன் அடித்தது. மாடு காலை மாற்றி வைத்தது. அவள் திரும்பவில்லை. மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

"தா?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொன்னதைச் செய்தால் எழுதுகிறேன்.

ஜூன் 26. கெவ்லாரி

எழுதுகிறேன்.